நெடுந்தீவுக்குப் போகிறீர்களா? முதலில் காற்றைக் கேளுங்கள்

யாழ்ப்பாணத்துக்கு அப்பால் கடலில் இருக்கிற நெடுந்தீவுக்குக் கொழும்பில் இருந்து போய் வந்த எல்லோருடைய போனிலும் அநேகமாக ஒரே படங்கள்தான் இருக்கும். பெருக்கமரத்தின் பொந்துக்குள் நின்று ஒன்று, குதிரை தூரத்தில் புள்ளியாகத் தெரிகிற ஒன்று, கல்வேலியில் சாய்ந்தபடி ஒன்று. என்னுடைய முதல் பயணமும் அதே கணக்குத்தான். காலைப் போட்டில் போய் இறங்கினோம், ஜெட்டியில் நின்ற ஓட்டோவில் ஏறினோம், இரண்டரை மணித்தியாலத்தில் ஏழு இடம் பார்த்தோம், பின்னேரப் போட்டில் திரும்பினோம். வெள்ளவத்தைக்கு வந்து சேர்ந்ததும் அம்மா "எப்பிடி இருந்தது?" என்று கேட்டார். "சரியான வெயில்" என்பதைத் தவிர எனக்குச் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை.

இரண்டாம் முறை போனபோது மத்தியானம் காற்று மாறிவிட்டது, பின்னேரப் போட் ஓடாது என்றார்கள். அடுத்த நாள் திங்கட்கிழமை, ஒபிஸில் கூட்டம், கையில் மாற்று உடுப்பும் இல்லை. ஓட்டோ ஓட்டிய அண்ணை தன் அக்கா வீட்டுக்குக் கூட்டிப் போனார், விறாந்தையில் பாய் போட்டுத் தந்தார்கள், இரவுக்குப் புட்டும் மீன்குழம்பும். சுற்றுலாக்காரர்கள் எல்லோரும் போய்விட்ட பிறகு அந்த ஊர் எப்படி இருக்கும் என்பதை அன்றைக்குத்தான் கண்டேன். அதனால் என் ஆலோசனை முதலிலேயே: ஒரு நாள் பயணமாகப் போகாதீர்கள், ஓர் இரவு தங்குங்கள். என்னைப் போல அகப்பட்டுத் தங்காமல் திட்டம் போட்டுத் தங்குவது எப்படி என்பதற்குத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

எந்த மாதம்

கொழும்பில் நாம் லீவைப் பார்த்துத்தான் பயணத்துக்கு நாள் குறிக்கிறோம். நெடுந்தீவுக்கு அது சரிவராது, காற்றைப் பார்த்துக் குறிக்க வேண்டும். கார்த்திகை, மார்கழியில் வாடைக்காற்று, கூடவே மழையும் புயல் எச்சரிக்கையும். மே மாதத்துக்குப் பிறகு செப்டம்பர் வரை சோழகம் என்ற தென்மேற்குக் காற்று அடிக்கும், வெயில் கொளுத்தினாலும் கடல் கொந்தளிப்பாகவே இருக்கும். "மழை இல்லைத்தானே, ஜூலையில போவம்" என்று கிளம்பி, போட்டில் வாந்தி எடுத்தே களைத்துப் போனவர்கள் என் சொந்தத்திலேயே மூன்று பேர் இருக்கிறார்கள். அந்த மாதங்களில் தீவும் காய்ந்து போய் இருக்கும். புல் இல்லை, குளங்கள் வற்றிவிடும், குதிரைகளின் விலா எலும்பை எண்ணலாம், பார்க்கவே மனம் கேட்காது.

நல்ல காலம் தை பிற்பாதியில் இருந்து சித்திரை வரை. மழை விட்டிருக்கும், நிலம் பச்சையாக இருக்கும், கடல் பெரும்பாலும் அமைதி. அதிலும் சித்திரை வருடப்பிறப்பு லீவைத் தவிர்த்துவிடுங்கள். பௌர்ணமி லீவான போயா நாட்களையும் தவிருங்கள், காரணம் நெடுந்தீவு இல்லை, நயினாதீவு. இரண்டு தீவுக்கும் ஒரே துறையில் இருந்துதான் போட். நயினாதீவில் இருக்கிற பௌத்த நாகவிகாரைக்கு நாட்டின் தெற்கில் இருந்து பஸ் பஸ்ஸாக ஆட்கள் வருகிற நாளில் அந்தத் துறையான குறிகட்டுவானில் நிற்கவே இடம் கிடைக்காது. அதே தீவின் நாகபூசணி அம்மன் கோவில் திருவிழாக் காலமும் அப்படித்தான். நயினாதீவுக்கும் சேர்த்துப் போகிற எண்ணம் இருந்தால் அதைத் திரும்பி வருகிற நாளில் வைத்துக்கொள்ளுங்கள். துறையில் இருந்து கால் மணித்தியாலம், இருபது நிமிடத்தில் போய்விடலாம், போட்டும் அடிக்கடி ஓடும்.

குறிகட்டுவான் வரைக்கும்

யாழ்ப்பாணம் போகிற வழியைக் கொழும்புத் தமிழருக்கு நான் சொல்லித்தரத் தேவையில்லை. காலி வீதியில் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் இரவு பஸ் ஏறினால் விடியும்போது யாழ்ப்பாணம். ரயில் எனக்கு அதைவிடப் பிடிக்கும், ஆனால் வடக்குப் பாதையைத் திருத்த வேலைக்காக மூடுவதும் திறப்பதும் வழமையாகிவிட்டதால் புறப்படுகிற வாரத்தில் கேட்டுப் பார்த்துவிட்டு சீட் போடுங்கள்.

முக்கியமான விஷயம், இரவு பஸ்ஸில் வந்து இறங்கிய அதே காலையில் நெடுந்தீவுப் போட்டைப் பிடிக்கப் பார்க்காதீர்கள். காலையில் போகும் போட்டைத் தவறவிட்டால் அடுத்தது எப்போது என்பது அன்றைய நிலவரத்தைப் பொறுத்தது. பஸ் வவுனியாவில் தேநீருக்கு நிறுத்தி அரை மணித்தியாலம் கூடுதலாகக் கதைத்துக்கொண்டு நின்றாலே உங்கள் திட்டம் கெட்டுவிடும். ஒரு நாள் யாழ்ப்பாணத்தில் படுத்து எழும்பிவிட்டு, அடுத்த நாள் விடியக் கிளம்புங்கள்.

யாழ்ப்பாணப் பஸ் நிலையத்தில் இருந்து 776 இலக்க பஸ் குறிகட்டுவானுக்குப் போகும். ஏறத்தாழ 35 கிலோமீட்டர்தான், ஆனால் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் பிடிக்கும். பண்ணைப் பாலத்தில் ஏறியதும் இரண்டு பக்கமும் கடல். பிறகு வேலணை, அங்கிருந்து இன்னொரு நீளமான கடல் பாதையால் புங்குடுதீவு, அதன் கடைசியில் குறிகட்டுவான். யன்னல் சீட் கிடைத்தால் விடாதீர்கள். முழங்கால் அளவுத் தண்ணீரில் தடிகள் வரிசையாக நட்டு வலை கட்டியிருப்பது தெரியும். அதிலே சில மீனுக்கான களங்கண்ணி, சில கடலட்டைப் பண்ணை. அட்டை இங்கே யாரும் சாப்பிடுவதில்லை, எல்லாம் காய்ந்து வெளிநாட்டுக்குப் போகிறது. அந்தப் பண்ணைகளைப் பற்றி மீனவர்களுக்குள்ளேயே இரண்டு கருத்து உண்டு, வாய் கொடுத்தால் போட் வரும் வரைக்கும் பொழுது போகும்.

வேனோ காரோ பிடித்துப் போனால் துறைக்குப் பக்கத்தில் விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். தேசிய அடையாள அட்டையைக் கையில் வைத்திருங்கள், நேவிக்காரர் கேட்டால் பையைக் கிளறிக்கொண்டு நிற்கத் தேவையில்லை.

போட்டில்

குமுதினி, வடதாரகை, நெடுந்தாரகை என்ற பெயர்கள் காதில் விழும். இவை தவிரத் தனியார் போட்டுகளும் உண்டு. இன்றைக்கு எது ஓடுகிறது, எது திருத்தத்தில் நிற்கிறது, எத்தனை மணிக்கு என்பதெல்லாம் துறையில் கேட்டால்தான் சரியாகத் தெரியும். வருடக்கணக்காக இணையத்தில் கிடக்கிற நேர அட்டவணையை நம்பிப் போகாதீர்கள். தங்கப்போகிற இடத்துக்கு முதல் நாள் இரவு ஒரு கோல் எடுத்து "நாளைக்குப் போட் எத்தனை மணிக்கு, கடல் எப்பிடி?" என்று கேளுங்கள். "கொஞ்சம் பெலமா இருக்கு" என்று நெடுந்தீவுக்காரர் சொன்னால், நமக்கு அது மிகவும் பெலம் என்று அர்த்தம்.

பயணம் ஒரு மணித்தியாலம் அளவில். புங்குடுதீவின் மறைப்பைத் தாண்டும் வரை போட் சாதுவாகப் போகும், அதற்கு அப்புறம்தான் ஆட்டம் தொடங்கும். உள்ளே கீழ்த்தட்டில் இருந்தால் டீசல் மணமும் புழுக்கமும் சேர்ந்து தலையைச் சுற்றவைக்கும். காற்றுப்படுகிற இடமாக, முன்பக்கத்தைவிடப் பின்பக்கமாக இருங்கள், கண்ணைப் போனில் வைக்காமல் தூரத்துக் கரையில் வையுங்கள். வாந்திக் குளிசை போடுவதென்றால் போட்டில் ஏறிய பிறகு போட்டுப் பயனில்லை, அரை மணித்தியாலத்துக்கு முன்பே போட வேண்டும். காலையில் வெறும் வயிற்றோடும் போகாதீர்கள், ரோல்ஸ் நாலு சாப்பிட்டுவிட்டும் போகாதீர்கள். லைஃப் ஜாக்கெட் தந்தால் தலைமயிர் கலையும் என்று பார்க்காமல் போட்டுக்கொள்ளுங்கள்.

சீமெந்துப் பை, காஸ் சிலிண்டர், கோழித்தீன், மோட்டார் சைக்கிள், கல்யாண வீட்டுக் கேக், ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்புகிற ஆச்சி எல்லாம் அந்த ஒரு போட்டில்தான் போக வேண்டும். இது சுற்றுலாப் போட் இல்லை, நாலாயிரம் பேர் அளவில் இருக்கிற ஒரு ஊரின் பஸ். நீண்ட வார இறுதிகளில் கொழும்பில் இருந்து போகிற நாங்கள் ஏறி நிரப்பிவிட்டு, ஊர்ச்சனம் கரையில் நிற்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். முடிந்தால் வார நாளில் போங்கள். வார இறுதியென்றால் வயதானவர்களுக்கும் பிள்ளைத்தாய்ச்சிகளுக்கும் இருக்கிற இடத்தை விட்டுக்கொடுங்கள். சுற்றுலா வந்து உங்களுக்கு என்ன கிடைத்தது என்று ஊர்ச்சனத்திடம் கேட்டால் போட்டில் இடம் இல்லாமல் போனதைத்தான் முதலில் சொல்வார்கள்.

குமுதினியின் பெயரைச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். 1985 மே 15 அன்று அந்தப் படகில் நெடுந்தீவில் இருந்து வந்துகொண்டிருந்த பொதுமக்கள் நடுக்கடலில் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். பெண்களும் குழந்தைகளும் அதில் அடக்கம். நெடுந்தீவின் இறங்குதுறையான மாவிலித்துறையில் நினைவிடம் இருக்கிறது, ஒவ்வொரு மே மாதமும் அங்கே அஞ்சலி நடக்கும். போட்டில் உங்கள் பக்கத்தில் இருக்கிறவர் அன்று யாரை இழந்தார் என்று உங்களுக்குத் தெரியாது. நினைவிடத்தின் முன்னால் நின்று கூட்டமாகச் சிரித்துப் படம் எடுக்காதீர்கள்.

இறங்கிய பிறகு

மாவிலித்துறையில் கால் வைத்ததும் ஓட்டோக்காரர்கள் சூழ்வார்கள். சுற்றிக் காட்டுவதற்கு ஒரு தொகை சொல்வார்கள், எந்தெந்த இடம், எத்தனை மணித்தியாலம் என்று முதலிலேயே பேசிவிட்டு ஏறுங்கள், பிறகு முகம் சுளிக்கத் தேவையில்லை. தீவுக்குப் பெற்றோல் டீசல் எல்லாம் கடல் தாண்டித்தான் வருகிறது, ஆகவே கொழும்பு மீட்டர் ஓட்டோக் கணக்கை அங்கே போய்ப் பேசாதீர்கள். தங்குகிறவர்கள் முதல் நாள் ஓட்டோவில் ஒரு சுற்றுப் போய்விட்டு அடுத்த நாள் விடியற்காலை சைக்கிளில் போவதுதான் என் வழி. நிலம் தட்டையோ தட்டை, மேடு என்ற ஒன்றே இல்லை. எதிர்க்காற்று மட்டும்தான் எதிரி.

போகிற வழியெல்லாம் இரண்டு பக்கமும் முருகைக்கல் வேலி. சாந்து இல்லை, சீமெந்து இல்லை, ஒரு கல்லின் மேல் இன்னொரு கல்லை அடுக்கி வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். தீவே முருகைக்கல்லில்தான் நிற்கிறது, தோண்டினால் வருவதைக் கொண்டு வளவுக்கு எல்லை கட்டிவிட்டார்கள். என்னைக் கேட்டால் நெடுந்தீவில் பார்க்க வேண்டிய முதல் இடம் இதுதான், ஆனால் இது எந்த ஓட்டோவின் பட்டியலிலும் இல்லை. இறங்கி நடங்கள். வேலியில் ஏறி உட்கார்ந்து படம் எடுக்காதீர்கள், பிடிமானம் இல்லாத கல், நாலு கல் சரிந்தால் வீட்டுக்காரர்தான் வெயிலில் நின்று திருப்பி அடுக்க வேண்டும்.

கோட்டை என்று காட்டுவது ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் இடிந்து நிற்கிற முருகைக்கல் சுவர்கள். யாழ்ப்பாணக் கோட்டையை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். போர்த்துக்கேயர் இந்தத் தீவைப் பசுத்தீவு என்ற பொருளில் அழைத்தார்கள், மாடுகள் அவ்வளவு. 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர் ஒவ்வொரு தீவுக்கும் தங்கள் நாட்டு ஊர்ப் பெயரை வைத்தார்கள். வேலணை லெய்டன் ஆனது, காரைநகர் அம்ஸ்டர்டாம், நயினாதீவு ஹார்லெம், அனலைதீவு ரொட்டர்டாம். மற்றவை எல்லாம் புத்தகத்தோடு நின்றுவிட, நெடுந்தீவின் டெல்ஃப்ட் மட்டும் இன்றைக்கும் ஆங்கிலப் பலகைகளில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கோட்டையைப் போலவே பழைய புறாக்கூடு ஒன்றும் குதிரை லாயத்தின் தூண்களும் இருக்கின்றன. தபாலுக்குப் புறா வளர்த்தார்கள் என்பார்கள். பத்து நிமிடம் போதும்.

பெருக்கமரத்துக்குக் கொஞ்சம் நேரம் கொடுங்கள். ஆபிரிக்க மரம், அராபிய வணிகர் கொண்டுவந்து நட்டது என்பது பொதுவான நம்பிக்கை. அடியில் பொந்து, உள்ளே பல பேர் நிற்கலாம், வெளியே வெயில் கொளுத்தும்போது உள்ளே ஒரு தணிவு இருக்கும். மன்னார் பள்ளிமுனையில் இருப்பது இதைவிடப் பருத்தது, ஆனால் அதற்குள்ளே போக முடியாது. பட்டையில் காதலர் பெயர் செதுக்குகிற வேலை வேண்டாம், ஏற்கெனவே வேண்டியளவுக்கு இருக்கிறது.

மேற்கே வெடியரசன் கோட்டை. வட்ட வட்டமான கல் அடித்தளங்கள்தான் மிச்சம். தொல்லியல்காரர் பௌத்த எச்சம் என்பார்கள், ஊர்க்காரர் வெடியரசன் என்ற பழங்கால அரசனின் இடம் என்பார்கள். கண்ணகியின் சிலம்புக்கு நாகமணி தேடி மீகாமன் என்பவன் கப்பலில் வந்ததாகவும், வெடியரசன் மறித்துச் சண்டை போட்டதாகவும் ஒரு கதை உண்டு. அதைப் பலகையில் படிக்காமல் யாராவது ஒரு வயதானவரிடம் கேளுங்கள், அவர் சொல்கிற விதமே வேறு. வளருகிற கல், பெரிய காலடி, தெற்குக் கரையில் இருக்கிற பழைய கோபுரம் இதெல்லாம் ஓட்டோ தானாகவே கொண்டுபோய் நிறுத்தும். காலடி அனுமனுடையது என்றும் ஆதாமுடையது என்றும் சொல்வார்கள், நீங்கள் கோவிலுக்குப் போகிறவரா, சேர்ச்சுக்கா, பள்ளிக்கா என்று பார்த்து ஓட்டோ அண்ணை கதையை மாற்றுவார் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

இனிக் குதிரை. மத்தியானம் போனால் தூரத்தில் ஒரு கூட்டம் நிற்கும், அவ்வளவுதான். விடியற்காலையிலும் பொழுது படுகிற நேரத்திலும் தண்ணீர்ப் பக்கம் வரும்போது பாருங்கள், தங்கச் சொன்னதற்குப் பாதிக் காரணம் அதுதான். போர்த்துக்கேயர் கொண்டுவந்து விட்டது, ஒல்லாந்தர் பெருக்கியது, ஆங்கிலேயர் காலத்தில் நோலன் என்ற அதிகாரி வளர்ப்பை மேற்பார்த்தார், பிறகு யாருக்கும் தேவைப்படாமல் போய்த் தானாகவே திரிகின்றன. அந்தப் பகுதி 2015இல் தேசியப் பூங்கா ஆக்கப்பட்டது. கிட்டப் போய்த் தொடாதீர்கள், பிஸ்கட் போடாதீர்கள், ட்ரோனைத் தூக்காதீர்கள். குட்டியோடு நிற்கிற பெட்டைக் குதிரை உதைத்தால் கிட்டத்துப் பெரிய ஆஸ்பத்திரி ஒரு கடல் தாண்டி இருக்கிறது.

தங்குவது, தின்பது, குளிப்பது

பெரிய ஹோட்டல் எதிர்பார்க்காதீர்கள். சின்ன விடுதிகளும் அறை தருகிற வீடுகளும் உண்டு. போகுமுன்னரே பேசி வையுங்கள், சாப்பாட்டையும் சேர்த்துப் பேசுங்கள். இங்கே கடைக்குப் போய் என்ன இருக்கிறது என்று கேட்பது சரிவராது, பத்துப் பேருக்குச் சமைக்க வேண்டுமென்றால் காலையிலேயே மீன் எடுத்து வைக்க வேண்டும். சைவமென்றால் கட்டாயம் முதலே சொல்லுங்கள், மரக்கறி மறுகரையில் இருந்துதான் பெரும்பாலும் வருகிறது. ஹலால் பார்க்கிறவர்களுக்கு மீன் இருக்கிறவரை கவலை இல்லை.

என்ன கேட்பது? ஒட்டி மீன் குழம்பு, கணவாய்க் கறி, நண்டு, சுறா வறை. ஏழெட்டுப் பேர் சேர்ந்து போனால் கூழ் காய்ச்சித் தர முடியுமா என்று கேளுங்கள். ஒடியல் மாவும் நண்டும் இறாலும் மீன் தலையும் பயித்தங்காயும் பலாக்கொட்டையும் போட்டு, புளியும் செத்தல் மிளகாயும் கரைத்து, முற்றத்தில் வைத்துக் குடிக்கிற கூழுக்கும் வெள்ளவத்தைக் கடையில் கோப்பையில் தருகிறதற்கும் சம்பந்தமே இல்லை. கூழ் குடித்த பிறகு எங்கேயும் போகத் திட்டம் வைக்காதீர்கள். நித்திரை வரும்.

தண்ணீர்தான் பெரிய விஷயம். பல கிணறுகளில் தண்ணீர் உவர். சாராப்பிட்டிப் பக்கக் கிணறுகளில் நன்னீர் ஊறும், அந்த இடத்தையும் ஒரு முறை போய்ப் பாருங்கள், ஒரு தீவில் சனம் எங்கே குடியிருந்தது, ஏன் அங்கே குடியிருந்தது என்பது அந்தக் கிணறுகளைப் பார்த்தால் விளங்கும். குளிக்கும்போது சவர்க்காரம் நுரைக்கவில்லை என்று முறைப்பாடு சொல்லாமல் ஒரு வாளியில் குளித்து முடியுங்கள். கொழும்பில் ஷவரைத் திறந்துவிட்டுப் பாட்டுப் பாடுகிற ஆட்கள் நாங்கள். எங்களுக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளை குடத்தோடு போவதைப் பார்த்த பிறகுதான் வெட்கம் வந்தது. குடிக்க ஆளுக்கு மூன்று லீட்டராவது கொண்டுபோங்கள், வெறும் போத்தலைத் திரும்பக் கொண்டுவாருங்கள். தீவில் போட்டால் அது தீவிலேயே கிடக்கும், மாநகரசபை லொறி வந்து அள்ளாது.

காசைத் தாளாக, சில்லறையாகக் கொண்டுபோங்கள். கார்ட் நீட்டினால் சிரிப்பார்கள். டோர்ச், தொப்பி, வழமையாகக் குடிக்கிற மருந்து, ஒரு நாள் கூடுதலாக உடுப்பு. அந்தக் கடைசியைச் சும்மா சொல்லவில்லை, போட் ஓடாவிட்டால் அதுதான் கைகொடுக்கும். தீவுக்குப் போன அடுத்த நாள் கட்டுநாயக்காவில் விமானம் என்று யாரும் திட்டம் போடாதீர்கள். மேற்குக் கரையில் போன் இந்திய நெட்வொர்க்கைப் பிடித்தாலும் பிடிக்கும், ரோமிங்கை நிறுத்தி வையுங்கள்.

கடலில் குளிக்கலாம், ஆழமில்லாத தெளிந்த தண்ணீர். வெறுங்காலோடு இறங்கினால் முருகைக்கல் கிழித்துவிடும், பழைய செருப்பொன்று காலில் இருக்கட்டும். உனவட்டுனவில் உடுத்துகிற மாதிரி உடுத்திக்கொண்டு போனால் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள், ஆனால் கரையில் வலை திருத்துகிறவர்கள் எழும்பிப் போய்விடுவார்கள். ஒரு டீசேர்ட்டும் முழங்காலை மூடுகிற ஏதாவதும் போதும்.

கரையில்

இரவில் ஊர் எட்டு மணிக்கே அடங்கிவிடும். விடிய நாலரை, ஐந்துக்கு எழும்பிக் கரைக்குப் போங்கள். வள்ளங்கள் வந்து சேரும், வலையில் இருந்து மீனைக் கழற்றுவார்கள், ஐஸ் பெட்டியில் அடைத்துக் காலைப் போட்டுக்கு அனுப்புவார்கள். நல்ல நண்டு அநேகமாகத் தீவில் நிற்பதில்லை, வாங்குகிற ஆள் கரையிலேயே காத்துக்கொண்டு நிற்பார், அது தொழிற்சாலைக்குப் போய் அங்கிருந்து வெளிநாட்டுக்குப் போகும். பேலியகொடை மீன் சந்தையில் நாம் மூன்றாம் கை மாறி வாங்குகிற விலைக்கும் இங்கே முதல் கைக்குக் கிடைக்கிற விலைக்கும் உள்ள தூரத்தைக் கேட்டால் சாப்பாடு இறங்காது.

பேச்சு எப்படியும் ரோலர் பக்கம்தான் போகும். அக்கரையான தமிழ்நாட்டில் இருந்து இரவில் வருகிற இழுவைப் படகுகள் வலைகளை அறுத்துக்கொண்டு போவது பற்றி. அடிமட்ட இழுவை இலங்கையில் 2017இல் இருந்து சட்டப்படி தடை, ஆனால் சட்டம் தண்ணீருக்கு நடுவில் கோடு போட்டு நிற்பதில்லை. இரண்டு பக்கமும் பேசுவது தமிழ்தான் என்பதை ஒரு ஐயா சொல்லிச் சிரித்தார், அது சந்தோஷச் சிரிப்பு இல்லை. நீங்கள் தீர்வு சொல்லப் போகாதீர்கள், கேளுங்கள். சுற்றுலாவால் ஓட்டோக்காரருக்கும் அறை கொடுக்கிறவருக்கும் நாலு காசு வருகிறது உண்மை, ஆனால் ஊரின் பெரும்பகுதி இன்னும் அந்த வலையைத்தான் நம்பி இருக்கிறது.

மரியாதை பற்றி ஒரு சொல். அண்ணை, அக்கா, ஐயா, அம்மா என்று கூப்பிடுங்கள். "எங்க இருந்து வாறியள்?" என்றால் கொழும்பு என்று மட்டும் சொல்லி நிறுத்த முடியாது, கொழும்பில் எங்கே, அதற்கு முதல் எந்த ஊர், அப்பாவுக்கு எந்தப் பக்கம் என்று போகும். விசாரணை என்று நினைக்காதீர்கள், மூன்றாவது கேள்வியில் யாராவது ஒரு சொந்தம் வெளியே வரும். கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்த என் நண்பனுக்கு எந்தச் சொந்தமும் அகப்படவில்லை, ஆனால் கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலுக்குச் செவ்வாய்க்கிழமை போகிறவன் என்றதும் கச்சதீவு அந்தோனியார் பேச்சு வந்து, தேநீர் இரண்டு முறை வந்தது. கச்சதீவைப் போட்டில் போய்ப் பார்க்கலாமா என்று கேட்பவர்களுக்கு: சும்மா போக முடியாது. மாசி, பங்குனிப் பக்கம் வருகிற வருடாந்தத் திருவிழாவுக்குத்தான் பக்தர்களை விடுவார்கள், அதற்குத் தனியாக ஒழுங்கு செய்ய வேண்டும்.

திரும்பும் நாள்

திரும்பிப் போகிற போட் எத்தனை மணிக்கு என்று முதல் நாளே கேட்டு, அன்று காலையும் ஒருமுறை கேளுங்கள். அரை மணித்தியாலம் முன்பே துறைக்குப் போங்கள். அங்கே வாங்குவதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை, மார்கழி கழிந்து போனால் பனங்கிழங்கு, மற்றக் காலத்தில் ஒடியல், பனங்கட்டி, எந்தக் காலத்திலும் கருவாடு. கருவாட்டை நல்ல வெயிலில் காய்ந்ததா என்று முறித்துப் பார்த்து வாங்குங்கள். பிறகு மூன்று பொலித்தீன் பை, அதற்கு மேல் பத்திரிகைத் தாள், அதற்கு மேல் இன்னொரு பை. போன முறை நான் இரண்டோடு நிறுத்திவிட்டேன். பஸ் கிளிநொச்சி தாண்டவில்லை, பின் சீட்டில் இருந்தவர் "ஆர் இது?" என்று எழும்பிவிட்டார், நானும் மற்றவர்களோடு சேர்ந்து நாலு பக்கமும் திரும்பிப் பார்த்தேன்.